படம் பார்க்க லாயக்கில்லை

அக்கா, ஒரு கதை சொல்றேன், கேளுங்க. கேட்டு முடிச்சதும் நீங்க சிரிக்கிற சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்க்கணும். ஆனால் இப்பவே சிரிக்கக் கூடாது. ராஜபாளையம் தாண்டட்டும். சிரிக்கிற இடம் கடைசியில் இருக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு ஆட்களை உங்களுக்குக் காட்டணும். ஆள் தெரியாமல் சிரித்தால் அது வெறுமனே பல்லைக் காட்டுறது, அவ்வளவுதான்.

முதல் ஆள் நான். ஆவுடைச்செல்வி, சங்கரன்கோவில். மதுரையில் விஸ்காம் படிக்கப் போறேன். ஹாஸ்டல். அதோ முன்னாடி டிரங்குப் பெட்டிக்குக் காவல் நிற்கிற மாதிரி நிற்கிறாரே, அது எங்க அப்பா. எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான், அக்கா. யார் குரலை ஒரு தடவை கேட்டாலும் அது என் தொண்டைக்குள் குடித்தனம் வந்துடும். இப்ப இந்தக் கண்டக்டரை எடுத்துக்கோங்க. "ஏய் பெரியவரே, அந்தக் கூடையக் காலுக்குள்ள தள்ளும், அதுக்கும் சேத்து டிக்கெட் போட்டுருவேன்." பார்த்தீங்களா, அந்தத் தாத்தா கூடையை இழுத்துக்கிட்டார். கண்டக்டர் பின்பக்கப் படியில் நிற்கிறார், பாவம், அவருக்கே தெரியாது.

சிரிக்காதீங்க. இது அந்த இடம் இல்லை.

ரெண்டாவது ஆள், என் தாய்மாமா. பேர் கடற்கரையாண்டி. கடலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மனுஷன் நெல் அறுக்கிற வண்டி ஓட்டுறார். அறுப்புக் காலம் வந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் போய் மாசக் கணக்கில் வயக்காட்டிலேயே கிடப்பார். எங்க அம்மாவுக்கு ஒரே தம்பி. எனக்கு ஒரே தாய்மாமா. அந்த ஒரே தாய்மாமாவோடு எனக்கு ஐப்பசியில் இருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

ஏன் என்று கேளுங்க. கேட்காவிட்டாலும் சொல்வேன்.

மாமாவுக்கு நிச்சயதார்த்தம், புளியங்குடியில். பெண்ணோட அப்பா ஒரு தினுசாகப் பேசுவார். ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னாடியும் தொண்டையைச் செருமி, அப்புறம் மூக்கு வழியாக ஒரு இழுப்பு. "ம்ஹக்கும், வாங்க மாப்ள. ம்ஹக்கும், உக்காருங்க." இப்படி ஒரு குரலைக் கையில் கொடுத்துட்டு, பக்கத்தில் ஒரு மைக்கையும் வைத்துவிட்டுப் போனால் நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்க. பந்தி நடக்குது. நான் மைக்கைப் பிடிச்சேன். "ம்ஹக்கும், மாப்ள வீட்டுக்காரங்க யாரும், ம்ஹக்கும், பாயசம் ரெண்டாந்தடவ கேக்கப்படாது." அவ்வளவுதான் சொன்னேன். எங்க பெரியப்பா பாதி இலையில் எழுந்துட்டார். அவர் எழுந்ததைப் பார்த்து அந்த வரிசையே எழுந்துடுச்சு. பெண்ணோட அப்பா ஓடி வந்து "ம்ஹக்கும், நான் இல்ல, ம்ஹக்கும், நான் பேசல" என்கிறார். அந்தக் குரலிலேயே நான் இல்லை என்று சொன்னால் யார் நம்புவாங்க?

சபை நடுவில் மாமா என்னைப் பிடிச்சுக்கிட்டார். "ஏட்டி, நீ பொட்டப்பிள்ளையா, ரேடியோ குழாயா? இனிமே இவள விசேச வீட்டுப் பக்கம் கூட்டியாராதீய எக்கா" என்றார். அத்தனை பேர் முன்னாடி, அக்கா. கல்யாணப் பெண்ணும் பார்த்துக்கிட்டு நிற்குது. நானும் விடலை. "இனிமே உங்க கையால ஒரு குண்டூசி கூட வாங்க மாட்டேன். உங்க சீரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

உங்களுக்குத் தெரியாதா, எங்க பக்கம் தாய்மாமன் சீர் என்றால் என்ன என்று. காது குத்தினால் மாமன், சடங்கு என்றால் மாமன். பிள்ளை படிக்க ஊர் விட்டுப் போனாலும் மாமன் கையால் ஏதாவது ஒன்று வாங்கிட்டுத்தான் படி இறங்கணும். மாமாவும் சும்மா இருக்கலை. முதலில் ஒரு சூட்கேஸ் வாங்கி வந்தார். நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருந்து, "ம்ஹக்கும், நீங்க இதத் திருப்பி எடுத்துட்டுப் போகலாம், ம்ஹக்கும்" என்றேன். எடுத்துட்டுப் போனார். அப்புறம் துணிமணி. அதுவும் வந்த வழியே போச்சு. அம்மா அடுப்பு முன்னாடி உட்கார்ந்து, "தாய்மாமன் கையால ஒண்ணும் வாங்காம மேல்படிப்புக்குப் போற பிள்ள நம்ம வம்சத்துலயே கிடையாது" என்று மூக்கைச் சிந்துவாள். நான் அசையலை. எனக்கும் ரோஷம் உண்டு.

இப்ப மூணாவது ஆள். இதோ, என் பைக்குள். இருங்க, எடுக்கிறேன். உறையோடு பிடிங்க, வழுக்கும். டேப்லெட். புதுசு. வெயில் நேரா விழுது, ஆனாலும் திரை எப்படித் தெரியுது பாருங்க. விஸ்காமில் சேர்ந்தால் எல்லார்கிட்டயும் ஒன்று இருக்கணுமாம், படம் பார்க்க, வெட்டி ஒட்ட, குரல் சேர்க்க. அப்பா தறியில் நிற்கிறவர், "அடுத்த வருசம் பாப்போம் தாயி" என்று சொல்லிட்டார். அப்ப இது எப்படி வந்தது? அதுதான் கதை. மாமாவை ஏமாற்றி வாங்கினேன். வாங்கினேன் என்று கூடச் சொல்லக் கூடாது. அவரே வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை எடுத்துக்கிட்டேன். குப்பையில் கிடந்ததை எடுத்தால் அது சீர் ஆகாது, இல்லையா? என் சபதம் சபதமாக இருக்கு, சாமானும் என் மடியில் இருக்கு. இப்படி ஒரு மூளை எங்க வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது.

போன வாரம் மாமா இந்த டேப்லெட் பெட்டியோடு வந்தார். என்னைப் பார்க்கலை. நான் முற்றத்தில் உட்கார்ந்திருக்கேன், எனக்குக் கேட்கிற மாதிரி அம்மாகிட்ட சொல்றார். "எக்கா, அறுப்புக்குப் போனா காட்டுல பொழுது போவ மாட்டேங்கு. படம் பாக்கதுக்குன்னு ஒண்ணு வாங்கியிருக்கேன். இது படம் பாக்க லாயக்கா இல்லியான்னு தெரிஞ்சவங்க யாராவது பாத்துச் சொன்னா நல்லாருக்கும். கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டானாம். சரியில்லன்னா இந்த வீட்டுலயே யாரு தலையிலயாவது கட்டிட்டுப் போயிருவேன்."

கேட்டீங்களா? அவர் வாயாலேயே சொல்றார். எனக்கு அந்த இடத்திலேயே மின்னல் அடிச்ச மாதிரி யோசனை வந்துடுச்சு. இது லாயக்கில்லை என்று நிரூபிச்சுட்டால் போதும். வெள்ளை மனசு அக்கா, அவருக்கு. தூண்டிலையும் கொடுத்து, புழுவையும் கோத்துக் கொடுத்துட்டு நிற்கிறார்.

ஏன் சிரிக்கிறீங்க? இன்னும் ராஜபாளையமே வரலை.

உறை என்ன கலரா? கத்தரிப்பூ கலர். ஆமா, எனக்குப் பிடிச்ச கலர்தான். கடையில் வேறு கலரே இல்லையாம். நெல் அறுக்கிறவர் கையில் கத்தரிப்பூ உறை, நினைச்சுப் பாருங்க. சரி, கதையை விடாதீங்க.

முதல் சோதனை, திரை. இதோ மேல் ஓரத்தில் கடுகு மாதிரி ஒரு புள்ளி தெரியுதா? அது இதோட கண். சுற்றி எவ்வளவு வெளிச்சம் என்று அது பார்த்துச் சொன்னால் திரை தானாகக் கூடும், தானாகக் குறையும். அந்தக் கண்ணை மறைச்சுட்டால் இருட்டு என்று நினைச்சுக்கிட்டுத் திரையே மங்கிப் போகும். மறைக்கணும், ஆனால் மறைச்ச மாதிரி இருக்கக் கூடாது. நான் என்ன செய்தேன்? கீழத்தெருப் பிள்ளையார் கோவில் பூசாரி குரலை எடுத்தேன். "புதுச் சாமானு வீட்டுக்கு வந்தா சந்தனம் குங்குமம் வைக்காம தொடலாமாய்யா? வண்டிக்கு வைக்கோம், பீரோவுக்கு வைக்கோம், இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" அம்மா ஓடிப் போய்ச் சந்தனம் குழைச்சுக் கொண்டு வந்துட்டாள். வைத்தேன் பாருங்க ஒரு பொட்டு, நம்ம பஸ்ஸுக்கு ஆயுதபூஜையில் வைப்பாங்களே, அந்த அளவு. சரியாக அந்தக் கண் மேல்.

மாமா அந்தப் பொட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். துடைக்கப் போறாரோ என்று பார்த்தேன். மனுஷன் பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கிட்டார். அறுப்பு வண்டிக்குள் எத்தனை மீட்டர், எத்தனை விளக்கு, எத்தனை கண்ணாடிக் கண் தெரியுமா? அதெல்லாம் பழுதானால் அவரே கழற்றி மாட்டுவார். இந்தப் பொட்டு சங்கதி மட்டும் அவர் மண்டையில் ஏறலை. படம் ஓடுது. பட்டப்பகல் சண்டைக் காட்சி, அமாவாசையில் அடிச்சுக்கிற மாதிரி இருக்கு. "என்ன எக்கா, கரண்டு இல்லாத நேரத்துல படம் புடிச்சிருப்பானோ?" என்கிறார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டாள். புகை, பாவம்.

ரெண்டாவது, அகலம். சினிமாப் படம் அகலம், இது கொஞ்சம் சதுரமாட்டம். அதனால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும். எல்லா டேப்லெட்டிலும் விழுகிறதுதான். நான் சும்மா இருப்பேனா? ரெண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கிக் காட்டினேன். பட்டை போச்சு. கூடவே நாயகி இந்தப் பக்கம் வெளியே போயிட்டாள், நாயகன் அந்தப் பக்கம் வெளியே போயிட்டான். நடுவில் ஒரு தென்னைமரம் மட்டும் நின்று, ரெண்டு பேர் குரலிலும் காதல் பேசுது. மாமா ரொம்ப அக்கறையாகக் கேட்டார், "மரத்துக்கு யாரு எக்கா குரல் குடுத்தது?"

இப்ப சிரிச்சீங்களே, இது பரவாயில்லை. இது மாமா சொன்ன ஜோக். என் ஜோக் இன்னும் வரலை.

மூணாவது, சத்தம். கீழ் ஓரத்தில் ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கு பாருங்க, சத்தம் அதுவழியாகத்தான் வரும். தலையணையில் புதைச்சு நிறுத்தினேன். சத்தம் பூராவும் பஞ்சுக்குள் போயாச்சு. "கெணத்துக்குள்ள விழுந்தவன் மாதிரில்லா பேசுதான்" என்று மாமாவே தீர்ப்புச் சொல்லிட்டார். நாலாவது, மல்லாக்கப் படுத்துப் பிடிச்சுப் பார்க்கிற சோதனை. இது கை நழுவினால் நேரா மூக்கில் விழும். மாமாவைப் படுக்க வைத்தோம். படத்தில் பேர் போட்டு முடியலை, மூக்கில் விழுந்துடுச்சு. அதுக்கு நான் ஒன்றும் செய்யலை, அக்கா. மாமா தூங்கிட்டார். அவர் எந்தப் படத்திலும் பேர் போடுறதைத் தாண்டி முழிச்சிருந்தது கிடையாது. தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனால் முறுக்கு வாங்கத்தான் முழிப்பார்.

இதுக்கு ஏன் அக்கா இப்படிக் குலுங்குறீங்க? ஜன்னல் கம்பியில் தலை இடிக்கப் போகுது.

சரி, நியாயம் என்று ஒன்று இருக்கு, உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். படம் பார்க்கிறதுக்கு இதை அடிச்சுக்க ஆள் இல்லை. இருட்டுக் காட்சியில் மூலையில் நிற்கிறவன் முகம் கூடத் தெரியும். உறையைப் பின்னால் மடிச்சால் தானாக நிற்கும், கையே வேண்டாம். இந்த இயர்போனைக் காதில் மாட்டிக்கிட்டால் மழைச் சத்தம் முதுகுக்குப் பின்னால் இருந்து வரும். மாட்டிப் பாருங்க. மதுரை போய்ச் சேரும் வரை ஓட விட்டாலும் சார்ஜ் பாதி மிச்சம் இருக்கும். கொஞ்சம் கனம், அது ஒன்றுதான் குறை. இவ்வளவு நல்ல சாமானை ஒரு மனுஷன் வாயாலேயே லாயக்கில்லை என்று சொல்ல வைத்தேனே, அதுதான் திறமை.

ஆனால் நான் அங்கேயே நிறுத்தலை. ஆணி அடிச்சால் மட்டும் போதாது, வளைச்சும் விடணும். என் சிநேகிதி மெஹராஜ் வீட்டுக்குப் போய், அவள் அண்ணன் போனை வாங்கி மாமாவைக் கூப்பிட்டேன். கம்பெனிக்காரப் பெண் குரல் இருக்கே, வார்த்தைக்கு வார்த்தை தேன் தடவி, கடைசியில் ஒரு தூக்கு. "வணக்கம் சார், நீங்கள் புதிதாக வாங்கிய டேப்லெட் தொடர்பாக அழைக்கிறோம் சார். இந்த மாடல் திரைப்படம் பார்ப்பதற்கு ஏற்றது அல்ல சார். மாணவர்களின் கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் சார்."

மறுபக்கம் கொஞ்ச நேரம் ஒரே இருமல். அப்புறம் மாமா, "அப்படியா மேடம்? அப்ப படிக்கிற பிள்ளைக்குக் குடுத்தா நல்லா ஓடுமா?" என்றார்.

"மிகச் சிறப்பாக ஓடும் சார்."

"மதுரையில ஓடுமா மேடம்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை, அக்கா. ஊர் விட்டு ஊர் போனால் டேப்லெட் ஓடுமா என்று ஒரு மனுஷனுக்குச் சந்தேகம். "தமிழ்நாடு முழுவதும் ஓடும் சார்" என்றேன்.

"அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் ரோஷம் சாஸ்தி மேடம். வாங்கலன்னா என்ன செய்ய?"

"அது எங்கள் துறையில் வராது சார்."

"சரிங்க மேடம். ஒங்களுக்குத் தொண்ட கட்டியிருக்க மாதிரி இருக்கு. மொளகுப் பால் குடிங்க."

மெஹராஜ் கட்டிலில் விழுந்து புரள்றாள். நான் வெற்றி வீராங்கனை மாதிரி வீட்டுக்கு வந்தேன். வந்தால், அன்றைக்குப் பார்த்து அம்மா ஒரு டம்ளர் மிளகுப் பாலை ஆற்றிக் கையில் கொடுக்கிறாள். எப்படிப் பொருந்தி வருது பாருங்க. சில நாள் நமக்கு எல்லாமே கூடி வரும்.

என்ன அக்கா, கண்ணில் தண்ணி வருது உங்களுக்கு? காற்றா? ஜன்னலை இறக்கி விடட்டுமா? தண்ணி குடிங்க. அதோ ராஜபாளையம் வந்தாச்சு, இப்ப சிரிக்கிற இடத்துக்கு வந்துட்டோம். கவனமாகக் கேளுங்க.

இன்றைக்குக் காலையில் புறப்படுறோம். மாமா வந்தார். குளிச்சு, விபூதி பூசி, கரை வைத்த வெள்ளை வேட்டி. லாயக்கில்லாத சாமானைத் தள்ளிவிட்டுப் போறதுக்கு இவ்வளவு அலங்காரம். எங்க அம்மா இருக்காளே, அவள் என் தோளைப் பிடிச்சு, "கெழக்க பாத்து நில்லுட்டி" என்று திருப்பி நிறுத்தினாள். வெளிச்சத்துக்காக இருக்கும். மாமா உள்ளே போய் ஒரு தாம்பாளத்தோடு வர்றார். பித்தளைத் தாம்பாளம், அக்கா, புளி போட்டுத் தேய்ச்சது. அதில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு சீப்புப் பழம், நடுவில் இந்த டேப்லெட். ஓட்டை உடைசலைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கிற ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா? எனக்கு உள்ளுக்குள் குபுகுபு என்று சிரிப்பு. ஆனால் முகத்தை உம்மென்று வைத்துக்கிட்டேன். நடிப்பு என்று வந்தால் கடைசி வரை நடிக்கணும்.

மாமா ஐப்பசிக்கு அப்புறம் முதல் தடவையாக நேரா என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "ஏட்டி ஆவுடை, இது படம் பாக்க லாயக்கில்லன்னு நீயே காட்டிட்ட. கம்பெனிக்காரியும் சொல்லிட்டா. என்கிட்ட இருந்தா வயக்காட்டுல கெடந்து மண்ணடிச்சுப் போவும். புடி." குரல் ஒரு மாதிரி கம்மிப் போய் இருந்தது. நஷ்டம் இல்லையா, வருத்தம் இருக்கத்தானே செய்யும். நான் ரெண்டு கையையும் நீட்டித் தாம்பாளத்தோடு வாங்கிக்கிட்டேன். என்னமோ பழக்க தோஷம், குனிஞ்சு காலைத் தொட்டுட்டேன். மாமா என் நெற்றியில் திருநீறு வைத்தார். அம்மா அழறாள். அப்பா கூட வேட்டி நுனியால் மூக்கைத் துடைக்கிறார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் சித்தி நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள் பாருங்க, அவளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரியும் போட்டாள், தெருவே ரெண்டாகிப் போச்சு.

அவ்வளவுதான். இதுதான் இடம். இப்ப சிரிங்க, அக்கா.

சிரிங்க. இவ்வளவு நேரம் வேண்டாத இடத்தில் எல்லாம் சிரிச்சீங்க, இப்ப ஏன் என்னையே பார்க்கிறீங்க? ஒரு மனுஷன் தனக்கென்று ஆசையாக வாங்கின சாமானை, என் குரலுக்கு மயங்கி, எனக்கே தாம்பாளத்தில் வைத்து... கிழக்கே பார்க்க வைத்து...

கொஞ்சம் இருங்க.

அக்கா, நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தானே. லாயக்கில்லாத சாமானைத் தலையில் கட்டுறதுக்கு யாராவது குலவை போடுவாங்களா?